நானா கடை மருந்தும் குடிக்கிற தண்ணியும்

தங்கத்தைத் தண்ணீரில் போட்டு நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்கலாம் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால், அவரை ஜோசியக்காரர்களோடு சேர்த்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். சொன்னவர் கலாநிதிப் பட்டம் பெற்றவராக இருந்து தொலைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வெளிநாட்டில் படித்தவர். எங்கே போனாலும் கையில் கடைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருக்கும். ஊர் ஊராகத் தண்ணீரைச் சோதிக்கப் போகிறவர் ஊர்த் தண்ணீரில் ஒரு சொட்டு நாக்கில் வைத்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சம்பளம் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே வழக்கம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல், பதுளையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். கலாநிதியின் ஆராய்ச்சித் திட்டத்துக்குத் தேயிலைத் தோட்டங்களைத் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டது. எனக்குக் கிடைத்த பதவியின் பெயர் கள ஒருங்கிணைப்பாளர். ஐஸ் பெட்டி தூக்குகிறவன் என்பதைத்தான் அவ்வளவு நீட்டிச் சொல்லியிருக்கிறார்கள் என்பது முதல் நாளே விளங்கிவிட்டது.

"நீர் இதைக் கவனமாப் பிடியும்," என்றார் கலாநிதி, பெட்டியைக் காட்டி.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. எங்கள் பக்கம் ஒருவரை 'நீர்' என்று கூப்பிடுகிற பழக்கம் கிடையாது. தண்ணீரைப் பற்றி ஏதோ விஞ்ஞானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துப் பணிவாகத் தலையாட்டினேன். அவர் பெட்டியை நீட்டியபடியே நின்றார். அவரும் தமிழ், நானும் தமிழ், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்த வெள்ளைக்காரர்களுக்கு எப்படித் தோன்றும்?

அவருடைய முறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல முடியாத முறை அது. தங்கத்தைப் பொடியாக்கி, அந்தப் பொடியை இன்னும் பொடியாக்கி, கண்ணுக்கு எட்டாத துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது, சிவப்பாகிவிடும். மாதுளைச் சாறு மாதிரி ஒரு சிவப்பு. கெட்ட கிருமி உயிரோடு இருந்தால் அது விடுகிற ஏதோ ஒரு பொருள் அந்தத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். ஒட்டினால் சிவப்பு போய் நீலமாகிவிடும். பழைய முறையில் தண்ணீரைப் பதுளைக்கு அனுப்பி, பதில் வரும்வரை நாள் கணக்காகக் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரம் போதும். இதற்கு நானோ தொழில்நுட்பம் என்று பெயர்.

சோதிக்க வேண்டிய தோட்டங்களில் எல்ல பக்கம் இருக்கிற எங்கள் தோட்டமும் இருந்தது. அங்கே என் அக்கா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மச்சானுக்குக் கொழும்பில் கடை வேலை. அவர்களுக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. வரிசை வீடுகளாக இருக்கிற லயத்துக்கே தண்ணீர் ஒரு பீலியில்தான். மலையிலிருந்து இறங்குகிற ஓடையில் ஒரு துண்டு இரும்புக் குழாயைச் செருகியிருப்பார்கள், அதிலிருந்து கொட்டுகிற தண்ணீரைத்தான் எல்லோரும் பிடிப்பார்கள். ஓடைக்கு மேலே மேட்டு லயத்துக் கக்கூசுகள், அதற்குப் பக்கத்தில் மாட்டுப் பட்டி. மழை பெய்தால் இரண்டும் ஒன்றாகக் கீழே இறங்கிவரும். அதற்கெல்லாம் மேலே சுத்தமான ஓர் ஊற்று இருந்தது. அந்தத் தண்ணீர் எங்கள் தலைக்கு மேலேயே குழாயில் ஓடி, தோட்டத்து மனேஜரான துரையின் பங்களா ரோஜாச் செடிகளைக் குளிப்பாட்டியது.

முந்திய வருடம் அக்காவின் மகளுக்கு டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்து, பிழைப்பாளா மாட்டாளா என்று இழுத்துக்கொண்டு கிடந்தாள். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் கொடுக்கவே கூடாது என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அக்கா வீட்டில் ஒரு பெரிய கேத்தல் அடுப்பை விட்டு இறங்கவேயில்லை. அதற்கு விறகு வேண்டாமா? நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு, மாலையில் கவ்வாத்து மலைக்குப் போய், வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். அந்தக் கிளைகளுக்கு மிலாறு என்று பெயர். பச்சை மிலாறு எரிவதைவிடப் புகைவது அதிகம். அக்காவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும்.

பங்களா ஊற்றிலிருந்து லயத்துக்கும் ஒரு பைப் போட்டுக்கொடுங்கள் என்று தொழிற்சங்கத் தலைவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்துக்குக் கலாநிதி வரப்போகிறார் என்று தெரிந்ததும் துரை தைரியமாக ஒரு வார்த்தை விட்டார்.

"டெஸ்ட்ல கெட்ட தண்ணின்னு வந்தா அடுத்த மாசமே பைப் போட்டுத் தாறேன். என்னோட பொறுப்பு."

அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வாரக் கடைசியில் நான் போனபோது, "தம்பி, நீலம் வந்தா பைப்பு வந்துருமுல்ல?" என்று மூன்று தடவை கேட்டாள். வரும் என்றேன். அந்தப் பீலியில் கிருமி இல்லை என்றால் உலகத்தில் எங்கேயும் கிருமி இல்லை. எனக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

சோதனை நாளன்று பதுளையிலிருந்து வேனில் புறப்பட்டோம். வழியில் செக் பொயின்ட். சிப்பாய் ஐஸ் பெட்டியைத் திறந்தான். உள்ளே வரிசையாகச் சிவப்புக் குழாய்கள். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒருவர் பெட்டி நிறையச் சிவப்புத் திரவம் கொண்டுபோனால் அந்த யுத்தக் காலத்தில் என்ன நடக்கும் என்பது கலாநிதிக்குத் தெரியும். அவசரத்தில் அவர் ஆங்கிலத்தில் நானோ துகள்களை விளக்க ஆரம்பித்தார். சிப்பாயின் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது. நான் குறுக்கே புகுந்து, "வத்துர, வத்துர" என்று சிங்களத்தில் தண்ணீரைச் சொல்லி, குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வது போல நடித்துக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். கலாநிதி பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுகிற களத்திலேயே கூட்டம். கலாநிதி ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பேசினார்.

"இஞ்ச பாருங்கோ, இது நானோ. இதில தங்கம் இருக்கு. ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை."

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "எந்த நானாங்க? பஸார்ல நகைக்கடை வச்சிருக்காரே, அந்த நானாவா?"

பதுளை பஸாரில் முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். தங்கம், நானா இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எங்கள் ஆட்களுக்கு நினைவு வருவது அடகுச் சீட்டுத்தான். கலாநிதி "நானா இல்லை, நானோ" என்றார். "அதாங்க, நானாதான்," என்று களமே ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தத் திரவத்துக்கு நானா கடை மருந்து என்று பெயர் நிலைத்துவிட்டது. சோதனை முடிந்ததும் தங்கத்தைத் திரும்பப் பிழிந்து எடுக்க முடியுமா என்று இன்னொருத்தி கேட்டாள். ஊவா மாகாணம் முழுக்கச் சோதிக்க ஒரு காதுத் தோட்டின் திருகாணி போதும் என்று கலாநிதி சொன்னதும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விட்டது.

நம்பிக்கை வரட்டும் என்று அவர் ஒரு வித்தை காட்டினார். சாக்கடைக் கானில் ஓடிய அழுக்குத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சிவப்பில் விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு கலங்கி, ஊதாவாகி, நீலமானது. களமே எட்டி எட்டிப் பார்த்தது. திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரைக்கூட அவ்வளவு பயபக்தியோடு அவர்கள் பார்த்ததில்லை. சிவப்பு நல்லது, நீலம் கெட்டது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுக்கச் சிவப்பு என்றால் ஆபத்து. எங்களுக்கு மட்டும் தலைகீழ்.

பிறகு பீலித் தண்ணீர் எடுக்க வேண்டும். பீலிக்கு இறங்குகிற பாதையில் முதல் நாள் மழைக்கு அட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன. கலாநிதி தன் சப்பாத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். என்னிடம், "நீர் வேனுக்குப் போய்ப் பெட்டியைப் பாத்துக்கொண்டு நில்லும், விலை கூடின சாமான்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டு போத்தல்களை, கூட்டத்தில் முன்னால் நின்ற அக்காவின் கையில் தானே கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது போத்தல்கள் நிரம்பி வந்திருந்தன. அக்கா முந்தானையால் அவற்றைத் துடைத்துத் துடைத்து நீட்டினாள்.

கலாநிதி முதல் போத்தலிலிருந்து சொட்டு விட்டார். தேத்தண்ணி வந்தது, குடித்தோம். அவர் மட்டும் தன் கடைத் தண்ணீரைக் குடித்தார். சிவப்பு அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றேன். பார்த்தோம். நெற்றியில் வைத்த குங்குமம் மாதிரி அசையாமல் இருந்தது. இரண்டாவது போத்தலையும் சோதித்தார். அதுவும் சிவப்பு.

"அருமையான தண்ணி," என்றார் கலாநிதி. "உங்கட தோட்டத்துத் தண்ணி கடைத் தண்ணியை விடத் திறம்."

மேட்டில் கக்கூஸ் இருக்கிறது, மாட்டுப் பட்டி இருக்கிறது, போய் ஒரு தடவை உங்கள் கண்ணால் பாருங்கள் என்று கெஞ்சினேன். கண்ணால் பார்ப்பது விஞ்ஞானம் அல்ல என்று அவர் பொறுமையாக விளக்கினார். துரை கலாநிதியின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் தோள்பட்டை கழன்றிருக்க வேண்டும். பைப் இல்லை என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது.

இரண்டு வாரத்தில் பீலிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வந்துவிட்டது. பைப் போட வக்கில்லாத தோட்டத்துக்குப் பலகை அடிக்க மட்டும் எங்கிருந்துதான் இத்தனை வேகம் வந்ததோ. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். தமிழுக்கு இடம் போதாமல், எழுதியவர் 'பாதுகாப்பான குடி' என்று ஒரு வரியிலும், 'நீர்' என்பதை அடுத்த வரியிலும் போட்டிருந்தார். சம்பள நாளில் சாராயத் தவறணையிலிருந்து திரும்புகிறவர்கள் அதன் கீழே நின்று முதல் வரியை மட்டும் சத்தமாகப் படித்துவிட்டுப் போவார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த தடவை அக்கா வீட்டுக்குப் போனபோது அடுப்பு அணைந்து கிடந்தது. கேத்தல் பரணில் ஏறியிருந்தது. அக்காவின் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஏன்க்கா, தண்ணி கொதிக்க வைக்கலையா?"

"எதுக்குத் தம்பி? தங்கம் போட்டுப் பாத்துட்டாங்களே. தண்ணி சுத்தம்னு பலகையே வச்சாச்சு. இனி எதுக்கு மலையேறி மிலாறு பொறுக்கிட்டு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பலகையாவது மண்ணாங்கட்டியாவது, நீ கொதிக்க வை," என்றேன்.

"நீதானே அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்த? இப்ப நீயே பொய்யின்னா எப்புடி?" என்றாள். அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். குழாயில் நீலம் வந்ததை நானும் பார்த்தேன், சிவப்பு நின்றதையும் பார்த்தேன். விஞ்ஞானம் படித்தவன் எதை வைத்துப் பேசுவது? மகள் பீலியில் வாயை வைத்து நேராகவே குடித்துவிட்டு ஓடிவந்தாள். "மாமா, இது தங்கத் தண்ணி," என்றாள்.

மழைக்காலம் இறங்கியது. ஒரு நாள் டியூஷன் நடந்துகொண்டிருக்கும்போது தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. அக்காவின் மகளைப் பதுளை ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். நான் போகும்போது சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தொட்டால் கை சுட்டது. யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாத கண். மறுபடியும் நெருப்புக் காய்ச்சல், இந்தத் தடவை குடலைப் பிடித்திருக்கிறது, நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். நான் பயந்துவிட்டேன். அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

கட்டிலுக்குக் கீழே சிமெந்துத் தரையில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல், ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"அன்னைக்குப் போத்தல்ல தண்ணி எந்த எடத்துல பிடிச்ச? குழாய் வாயிலயா, கீழ தேங்கினதுலயா?"

"பீலிக்கு எங்க போனேன்?" என்றாள் அக்கா. "கேத்தல்ல இருந்துதான் ஊத்தினேன்."

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன பாக்குற? அந்த ஐயா என்ன சொன்னாரு? நீங்க குடிக்கிற தண்ணிய நெரப்பித் தாங்கோன்னாரு. நாங்க குடிக்கிற தண்ணி கேத்தல்ல இருக்கிறதுதான? பீலில வர்றது பச்சத் தண்ணில்ல. அவ்வளவு தூரம் வந்த மனுசனுக்குப் பச்சத் தண்ணியா குடுப்பாங்க? நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

கொதித்து ஆறிய தண்ணீர். அதுவும் மேலாக இறுத்து, தூசி தும்பு இல்லாமல் பார்த்து ஊற்றியிருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் தேடிப் பிடிக்கிற தங்கம், தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அந்த உண்மையை நம்பித்தான் அக்கா கேத்தலைப் பரணில் ஏற்றினாள். சொல்லச் சொல்ல அவளுக்கும் அது விளங்கிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள். "ஒன் மேல தப்பில்லக்கா," என்று சொன்னேன். ஒரு சத்தியமான வார்த்தையை அவ்வளவு பிரயோசனம் இல்லாமல் நான் சொன்னது அன்றுதான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கொமினிகேஷனில் நுழைந்து கலாநிதிக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். மனிதருக்கும் மனம் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"அப்ப அது கொதிச்சாறின தண்ணியோ?" என்றார்.

"ஆமாங்க."

"அப்ப எங்கட டெஸ்டில பிழையில்லை! கிருமி இல்லாத தண்ணிக்கு இல்லையெண்டுதானே காட்டியிருக்கு. நல்ல விசயம் சொன்னீர் தம்பி. எனக்கும் அந்தத் தோட்டத்து முடிவில ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது."

பிள்ளை சாகக் கிடக்கிறது என்று மறுபடியும் சொன்னேன். ஐயோ பாவம், நல்லாக் கவனியுங்கோ என்றார். அறிக்கை வெளிநாட்டுக்குப் போய்விட்டதாம், இனி அடுத்த கட்டத்தில்தான் திருத்தலாமாம். அடுத்த கட்டத்துக்கு இன்னும் பணம் வரவில்லையாம். நான் ரிசீவரை வைத்த வேகத்தில் கடைக்காரர் எழுந்து வந்து, உடைந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

துரையிடமும் போனேன். அவர் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். "ரிப்போட்ல நல்ல தண்ணின்னு இருக்கு. நீ சொல்றதுக்காக நான் கம்பெனிக்குக் கேத்தல் கதை எழுத முடியுமா?" என்றார். பங்களாத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி ஒன்று வந்தது. நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

பிள்ளை பிழைத்தாள். எப்படிப் பிழைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் மருந்து என்றார்கள், மச்சான் கதிர்காமத்து நேர்த்திக்கடன் என்றார். எலும்பும் தோலுமாக அவளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தோட்டத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நல்ல மழை பெய்து விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் யாரும் மலைக்குப் போகவில்லை, வீட்டில் ஒரு குச்சி விறகு கிடையாது. வெளியே கிடந்த மிலாறெல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தது.

அக்கா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பீலிப் பக்கம் இறங்கினாள். திரும்பி வரும்போது தோளில் அந்தப் பலகை. நல்ல பலகை, பங்களாவின் பழைய அலுமாரியில் கழற்றியது போல இருக்கிறது, மழையில் நனைந்தும் உள்ளே ஊறவில்லை. வாசலில் போட்டு மடமடவென்று பிளந்தாள். நாளைக்குத் துரை கேட்டால் என்ன சொல்வாய் என்றேன்.

"கேக்கட்டும்," என்றாள். அவ்வளவுதான்.

பெயின்ட் பூசிய பலகை நன்றாக எரிந்தது. புகை கறுப்பாக வந்தது, நாற்றம் சகிக்கவில்லை. பரணிலிருந்து இறக்கிய கேத்தலில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அக்கா அதைக் கொதிக்கவிட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று நான் சொன்ன பிறகும் இறக்கவில்லை.

ஆறிய பிறகு ஒரு டம்ளரில் ஊற்றி மகளிடம் நீட்டினாள். பிள்ளை வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. டம்ளருக்குள் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இது பீலித் தண்ணியாம்மா, குடிக்கிற தண்ணியா?"

"குடிக்கிற தண்ணிதான்டா," என்றாள் அக்கா. "குடி."